மூடாத கார்டுகள்

மூங்கில்கொம்பை எஸ்டேட்,
குன்னூர்.
7 மார்ச் 1937, ஞாயிறு.

கம்பவுண்டர் எட்மண்ட் அவர்களுக்கு,

டிரையர் அறையில் தேயிலை உலர்த்திய லிங்கசாமி எழுதுவது. என் கையால் எழுதுவது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் எழுதப் படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஜெஸிந்தா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இப்போது சோப்புக் காகிதம், தேயிலைப் பெட்டி, ரயில் நேரப் பலகை, எதையும் விடுவதில்லை. இதுவரை எழுதியதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உங்கள் பெயர் வரும்போது மட்டும் கை வேகமாக ஓடுகிறது. சிலேட்டில் நிறையத் தடவை எழுதிப் பழகிய பெயர்.

நான் முதன்முதலில் படித்த புத்தகம் எது தெரியுமா? நீங்கள் எழுதியதுதான். கார்டில் இடம் முடிந்துவிட்டது. மீதி பிறகு.

லிங்கசாமி

*

போத்தனூர்,
13 மார்ச் 1937.

லிங்கசாமிக்கு,

கர்த்தருடைய தயவால் இங்கே அனைவரும் சுகம். உன் கார்டு வந்தது. நீ உயிரோடு இருப்பதும், இந்த வயதில் எழுத்துப் படித்திருப்பதும் ஆச்சரியம். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் படிக்க முடிகிறது. பாராட்டுகிறேன்.

நான் புத்தகம் ஒன்றும் எழுதியவன் அல்ல. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எழுதிவிட்டாய் போலிருக்கிறது.

ஒரு விஷயம். இனி எழுதுவதாக இருந்தால் கவரில் எழுது. கார்டு நாலு பேர் கையில் படுகிற பொருள். இங்கே தபால்காரர் தாவூத் கொஞ்சம் வாய் நீண்டவர். கார்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, "டாக்டரய்யா, நீங்க புஸ்தகமெல்லாம் எழுதியிருக்கீங்களாமா? சொல்லவே இல்லையே?" என்று வாசலில் நின்று கேட்கிறார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். உனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு தபால்தலையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எட்மண்ட்

*

மூங்கில்கொம்பை எஸ்டேட்,
21 மார்ச் 1937, ஞாயிறு.

கம்பவுண்டர் எட்மண்ட் அவர்களுக்கு,

இது மூன்று கார்டு. மேலே எண் போட்டிருக்கிறேன். தாவூத் பாய்க்கு என் சலாம். வரிசையாகப் படிக்கவும்.

ஒன்று. ஆஸ்பத்திரியில் துரைக்கு இங்கிலீஷில் ஒரு புத்தகமும் மேஸ்திரிக்குத் தமிழில் ஒரு புத்தகமும் எழுதி வைப்பீர்களே, அந்தத் தமிழ்ப் புத்தகத்தைத்தான் சொன்னேன். இப்போதைய கம்பவுண்டர் ஜஸ்டஸ் நல்ல மனிதர். "பாருங்க பெரியவரே, ஆனா தாள் கிழிஞ்சிரக் கூடாது" என்று எடுத்துக் கொடுத்தார். 1918ஆம் வருஷம், ஏப்ரல் 15. ஒரே ஒரு வரி. படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "சின்னராஜ், வயது 22, பகல் 1 மணி, குடிபோதை, மருந்து தேவையில்லை." அதன் கீழே வேறு மையில், "மாலை 6 மணி, மரணம்."

இரண்டு. என் மகன் குடித்துச் செத்தான் என்று நீங்கள் சொன்னதைப் பத்தொன்பது வருஷமாகக் காதால் கேட்டு வந்தேன். அவன் சாவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே அதை எழுதி முடித்துவிட்டீர்கள் என்பது கண்ணால் படித்த பிறகுதான் தெரிந்தது. சின்னராஜ் சாராயக்கடை வாசலைக்கூட மிதித்தவன் இல்லை. அவன் மனைவி மரகதம் என்னோடுதான் இருக்கிறாள். குழாயடியில் சண்டை வந்தால் இன்றைக்கும் அவளைக் குடிகாரன் பொண்டாட்டி என்கிறார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

மூன்று. அந்தச் சொல்லை வெட்ட வேண்டும். எழுதியவரே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் புத்தகத்தில் ஒட்டலாம் என்று ஜஸ்டஸ் சொல்கிறார். அது வந்து சேரும்வரை ஞாயிறுதோறும் உங்களுக்குக் கார்டு வரும். நீங்கள் அனுப்பிய ஸ்டாம்பில் தாடி வைத்த ராஜா அழகாக இருக்கிறார். பத்திரமாக வைத்திருக்கிறேன். கவரில் போட்டு மூட என்னிடம் ஒன்றும் இல்லை.

லிங்கசாமி

*

போத்தனூர்,
2 ஏப்ரல் 1937.

லிங்கசாமிக்கு,

நீ நினைத்தது நடந்துவிட்டது. உன் மூன்று கார்டையும் தாவூத் ரயில்வே காலனிக் குழாயடியில் நின்று வாசித்திருக்கிறார். போன ஞாயிறு நீ போட்ட நாலாவது கார்டைக் கேட்க ஆட்கள் காத்திருந்தார்களாம். சபைக் கமிட்டியில் என் பக்கத்தில் உட்காருகிறவர், "அது என்ன டாக்டர், பகல் ஒரு மணி விவகாரம்?" என்கிறார். இந்த ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதைக் கெடுத்து உனக்கு என்ன வரப்போகிறது?

டிரையர் சூடுதான் அவனைக் கொன்றது என்று அந்த நாலாவது கார்டில் எழுதியிருக்கிறாய்; நடந்ததைச் சொல்கிறேன். டிரையர் ஆட்கள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். இலை குவிந்து கிடந்தது. தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் திடமான ஆளைப் பொறுக்கி அனுப்புவது என் பொறுப்பு. உன் மகனைவிடத் திடமானவன் யார்? அன்று திங்கட்கிழமை. ஞாயிறு குடித்தவர்கள் திங்கள் எப்படி வருவார்கள் என்று உனக்கே தெரியும். கண் சிவந்து, கால் பின்னி, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு கிடந்தான். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். சமவெளியில் வெயில் அடித்து ஆள் விழுவதுண்டு. பல் கிட்டுகிற குன்னூர்க் குளிரில் சூட்டு நோய் எங்கிருந்து வரும்?

இதோடு விட்டுவிடு. கவர் வாங்கக் கஷ்டமாக இருந்தால் சொல்.

எட்மண்ட்

*

மூங்கில்கொம்பை எஸ்டேட்,
15 ஏப்ரல் 1937, வியாழன்.

கம்பவுண்டர் எட்மண்ட் அவர்களுக்கு,

இன்று ஞாயிறு இல்லை. என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். இது ஐந்து கார்டு. நாலு நாளாக எழுதினேன்.

ஒன்று. வெயிலைப் பற்றி யார் பேசினார்கள்? நான் நெருப்பைப் பற்றிப் பேசுகிறேன். முப்பத்தொரு வருஷம் அதன் முன்னால் நின்றவன். உடம்பு வேலை செய்யும்போது அதற்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. கவ்வாத்துக்காரன் பனியில் நின்று கத்தி வீசும்போது அந்த அடுப்பு அவனுக்குச் சுகம். அதே ஆள் டிரையர் அறையில் விறகு சுமந்தால் உள்ளே ஓர் அடுப்பு, வெளியே ஓர் அடுப்பு. நடுவில் தோல் மட்டும்.

இரண்டு. தோல் என்ன செய்யும்? ரத்தம் மேலே ஏறி முகம் சிவக்கும். பிறகு வேர்க்கும். அந்த வேர்வை காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் அறையில் ஈர இலையின் ஆவி கூரைவரை நிற்கும். அங்கே வேர்வை ஒழுகும், காயாது. ஒழுகிப் போகிற வேர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோயமுத்தூர் வெயிலில் ஒரு நாள் நிற்கிறவன் இங்கே ஒரு மணி நேரம் நிற்க மாட்டான்.

மூன்று. வேர்க்கவும் உடம்பு படிக்க வேண்டும். புது ஆளுக்கு வேர்வை தாமதமாக வரும். பனியன் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். பத்து நாள் கழித்துப் பாருங்கள். கதவைத் திறந்ததுமே வேர்க்கும். இரண்டு பங்கு வேர்க்கும். ஆனால் பனியனில் உப்புக் குறைந்திருக்கும். அதனால் என் அறைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். புது ஆள் உப்புக்கஞ்சி குடித்துவிட்டு முதல் நாள் ஒரு மணி நேரம் நிற்பான். மறுநாள் இரண்டு. பத்தாம் நாள் அவன் பனியனை நாக்கில் தொட்டுப் பார்த்து நான் சொன்ன பிறகுதான் முழு நாள். பனியன் நக்கி என்று எனக்குப் பட்டப்பெயர் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதை வைத்ததே நீங்கள்தான்.

நாலு. அன்றைக்குப் பெட்டி வண்டியோடு நான் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நாளில் சின்னராஜை முழு நாளுக்கு உள்ளே அனுப்பினீர்கள். பன்னிரண்டு மணிக்கு அவன் வெளியே வந்தான். அவனும் நீங்களும் பேசியதை, தூள் சலித்துக்கொண்டிருந்த பாலாமணி காதால் கேட்டாள்.

"தலை சுத்துதுங்க. கொஞ்சம் காத்துல நின்னுட்டு வர்றனுங்க."

"திங்கக்கிழமைன்னா எல்லாத்துக்கும் தலை சுத்தும். போடா உள்ளே."

ஐந்து. போனான். ஒரு மணிக்கு விழுந்தான். சின்னப் பிள்ளைகள் படிக்கிற எழுத்தைப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. டீச்சர் ஒரு நாளும் அடிக்கவில்லை. அவன் உடம்புக்குப் பத்து நாள் கொடுத்திருந்தால் அதுவும் படித்திருக்கும். குடித்தவன் தள்ளாடுவான், உளறுவான். ஆனால் உடம்பு அடுப்பாகக் கொதிக்காது. ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குச்சி எப்போதும் உங்கள் சட்டைப்பையில் இருக்குமே. ஒரு மணிக்கு வைத்துப் பார்த்தீர்களா?

லிங்கசாமி

*

போத்தனூர்,
24 ஏப்ரல் 1937.

லிங்கசாமி,

நன்றாகவே படித்துவிட்டாய். என்னைக் கேள்வி கேட்கும் அளவுக்குப் படித்துவிட்டாய். இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

அன்று பகல் இரண்டு மணிக்கு நீ லைன் வீட்டுக்குத் திரும்பினாய். உன் மகன் உடம்பு உதறிக்கொண்டு கிடந்தான். நீ என்ன செய்தாய்? நான் ஐந்து மணிக்கு அந்தப் பக்கமாக வந்தேன். கதவும் சன்னலும் இறுகச் சாத்தியிருந்தன. அவன்மேல் கழுத்துவரை இரண்டு கம்பளி. பாயருகே கணப்புச் சட்டியில் கரி தகதகவென்று எரிந்தது. சுக்குத் தண்ணீர் வேறு வாயில் ஊற்றியிருந்தீர்கள்.

வேர்வை காய்ந்தால்தான் சூடு போகும் என்று எனக்குப் பாடம் எழுதுகிறாயே, கம்பளிக்குள் எந்த வேர்வை காயும்? டிரையர் அறை அவனை விழத்தான் வைத்தது. மூன்று மணி நேரம் மூடி வைத்து அவித்தது யார்? முப்பத்தொரு வருஷம் நெருப்பின் முன்னால் நின்றவனுக்கு இது தெரியாதா?

இது மரகதத்துக்குத் தெரியுமா? உனக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவள் அவள்தானே. உங்கள் எஸ்டேட்டிலும் தபால்காரன் இருக்கிறான். நானும் ஒரு கார்டில் எழுதட்டுமா? வேண்டாம் என்றால் உன் கார்டுகளை இன்றோடு நிறுத்து.

எட்மண்ட்

*

மூங்கில்கொம்பை எஸ்டேட்,
6 ஜூன் 1937, ஞாயிறு.

கம்பவுண்டர் எட்மண்ட் அவர்களுக்கு,

ஐந்து ஞாயிறு கார்டு வரவில்லை. கிழவன் போய்ச் சேர்ந்தான் என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். இருக்கிறேன். இது ஆறு கார்டு. தாவூத் பாய், இந்த முறை கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

ஒன்று. என் மகனைக் கம்பளியில் மூடியவன் நான். கணப்பு வைத்தவனும் நான். இந்த மலையில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். உடம்பு உதறினால் குளிர். குளிர் என்றால் கம்பளி. சூட்டினாலும் உடம்பு உதறும் என்று எனக்கு அன்று தெரியாது. நெருப்பைப் பற்றித் தெரியும். நெருப்பு தின்ற உடம்பைப் பற்றித் தெரியாது.

இரண்டு. எட்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. விறகு சுமந்த புது ஆள் ஒருவன் அதே மாதிரி விழுந்தான். நான் வெளியே போயிருந்தபோது அவசரத்துக்கு உள்ளே விட்டிருந்தார்கள். கொட்டிக்கொண்டிருந்த வேர்வை நின்று, தோல் காய்ந்து, உளறினான். கம்பளி எடுக்க ஓடினார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, அவனைத் தரதரவென்று இழுத்து ஓடைத் தண்ணீர் விழுகிற பீலியின் கீழே போட்டேன். சட்டையைக் கிழித்தேன். முறத்தால் விசிறினேன். அரை மணியில் கண் திறந்து தன் பெயரைச் சொன்னான். அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்த இரண்டு கம்பளியையும் பார்த்தேன். ஒன்றை எட்டு வருஷமாக நான் போர்த்திக்கொண்டிருந்தேன்.

மூன்று. யாரிடமும் சொல்லவில்லை. குடிபோதை என்று நீங்கள் எழுதிய பொய்யின் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். அதனால்தான் இத்தனை வருஷம் உங்களிடம் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் ஒரு மாதம் ஒளிந்திருந்தேன். மரகதம்தான் பிடித்தாள்.

"சித்திரையிலிருந்து அந்தக் காயிதத்த மடியில கட்டீட்டுத் திரியறீங்க. படிங்க மாமா."

"உனக்கு வேண்டாம் புள்ள."

"எனக்கு வேண்டாம்னா எதுக்குங்க படிச்சீங்க?"

நாலு. படித்தேன். எழுத்துக்கூட்டித்தான். இரண்டு கம்பளி என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "மேல படிங்க" என்றாள். முடித்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது கம்பளிய நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். ஒண்ணு போதும்னீங்க. நாந்தான் பத்தாதுன்னேன்."

"ஏன் புள்ள இத்தன நாளாச் சொல்லுல?"

"நீங்க ஏனுங்க சொல்லுல?"

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள்.

ஐந்து. அவள்தான் பேசினாள். "நமக்குத் தெரியாமச் செஞ்சோம். காயிதத்த வெச்சு மெரட்டறாரே, அவருக்கு என்ன தெரியும்னு கேளுங்க. அந்த ஊட்டுக்குள்ள நின்ன மூணு பேர்ல மருந்து படிச்சவரு அவரு ஒருத்தருதான்." கம்பவுண்டர் ஐயா, பத்தொன்பது வருஷம் நெருப்பையும் உங்களையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

ஆறு. ஐந்து மணிக்கு நீங்கள் உள்ளே வந்ததும் நான் கரி எடுக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது நீங்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள். வலது கையை உதறிக்கொண்டே போனீர்கள். கையில் ஏதோ பளபளத்தது. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது ஜஸ்டஸ் ஜுரம் பார்த்து முடித்த பிறகு குச்சியை அப்படித்தான் உதறுகிறார். ஏறின பாதரசம் உதறினால்தான் இறங்குமாம். அதில் என்ன எண் இருந்தது? கார்டில் எழுதுங்கள்.

லிங்கசாமி

*

போத்தனூர்,
15 ஜூன் 1937.

லிங்கசாமி அவர்களுக்கு,

இதைக் கார்டிலேயே எழுதுகிறேன். தாவூதுக்கு நானே வாசித்துக் காட்டிவிட்டேன்.

1918 ஏப்ரல் 15 அன்று சின்னராஜ் குடித்திருக்கவில்லை. பழக்கமில்லாத உடம்பை முழு நாள் டிரையர் அறைக்கு அனுப்பியவன் நான். தலை சுற்றுகிறது என்றவனைத் திருப்பி உள்ளே அனுப்பியவன் நான். பகல் ஒரு மணிக்குத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குடிபோதை என்று எழுதினேன். மாலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றெட்டு டிகிரி. கம்பளியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊற்றினால் நான் எழுதியது பொய்யாகிவிடும். உதறிவிட்டு வந்துவிட்டேன். லிங்கசாமிக்கும் மரகதத்துக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என்னை மன்னியுங்கள்.

எட்மண்ட்
கம்பவுண்டர்

*

மூங்கில்கொம்பை எஸ்டேட்,
27 ஜூன் 1937, ஞாயிறு.

கம்பவுண்டர் எட்மண்ட் அவர்களுக்கு,

ஒரே கார்டு. சின்ன எழுத்தாக எழுதப் பழகிவிட்டேன்.

உங்கள் கார்டை ஜஸ்டஸ் புத்தகத்தில் ஒட்டிவிட்டார். ஒட்டுவதற்கு முன் மரகதம் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். "சத்தமாப் படிங்க மாமா, கடைசியில நிக்கறவளுக்கும் கேக்கோணும்" என்றாள். இரண்டு தடவை படித்தேன். கம்பளி பற்றிய எங்கள் வரிகளையும் சேர்த்துத்தான் படித்தேன். பாலாமணி, "கொடம் ரொம்பி வழியுது பாருங்க" என்று குழாயை மூடினாள். மரகதம் வரிசையில் நிற்காமல் முதல் குடம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டிரையர் அறைக் கதவில் சாக்கட்டியால் நூற்றெட்டு என்று எழுதியிருக்கிறேன். புது ஆளுக்கு இப்போது மறுபடியும் என் பழைய வழக்கம், முதல் நாள் ஒரு மணி நேரம்தான்.

போத்தனூரில் உங்களை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லையாமே. தாவூத் பாய் எனக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். அதை மூன்று தடவை படித்தேன். படிப்பு எவ்வளவு நல்லது.

மன்னியுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்து மணிமணியாக இருக்கிறது. அதற்குப் பதில் எழுத இந்தக் கார்டில் இடம் இல்லை.

லிங்கசாமி